நம் பிள்ளைகளும் அரசுப் பள்ளியும்

(முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் போகும் பெற்றோருக்காக நம் சங்கம் சித்தூரில் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்று, ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். கல்வியைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒரே ஒரு தகுதிதான் உண்டு. தினமும் எட்டு மணி நேரம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, நம் ஜனங்களின் முகத்தைப் பார்க்கிறவன் நான்.

போன கோடை விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கொத்தனார், சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், ராமேசுவரம் வண்டிக்கு முன்பதிவு செய்ய வந்தார். கூடவே எட்டு வயதுப் பெண் குழந்தை. நல்ல சீருடை, கழுத்தில் டை, பார்க்கவே பெருமையாக இருந்தது. நான் படிவத்தைக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே மகள் கையில் கொடுத்து, "எழுதும்மா, நீதான் படிக்கிறியே" என்றார். அந்தக் குழந்தை தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதியது. அடுத்தது, ஊர்ப் பெயர். எழுதத் தெரியவில்லை. "தமிழில் எழுது கண்ணு" என்றேன். எழுத்தே தெரியாது என்றது. "தெலுங்கில்?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டது. நான்கு வருடம் பணம் கட்டிப் படித்த பிள்ளை. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. படிவத்தை வாங்கி நானே நிரப்பிக் கொடுத்தேன்.

தோழர்களே, இதில் அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? அந்தக் கொத்தனார் செய்த குற்றம்தான் என்ன? தன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தார். பணம் கட்டும் இடத்தில்தான் படிப்பு இருக்கிறது, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லை என்று அவரிடம் எல்லோரும் சொன்னார்கள், அவர் நம்பினார். நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம்மில் பலர் அரசுப் பள்ளி என்றதும் இன்றைய பள்ளியை நினைப்பதில்லை. நாம் முப்பது வருடத்துக்கு முன் உட்கார்ந்திருந்த பள்ளியைத்தான் நினைக்கிறோம். நான் படித்த பள்ளியில் ஓடு உடைந்த ஒரு கூடம். மழை வந்தால் விடுமுறை. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். கழிப்பறை கிடையாது, பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தங்க மாட்டார்கள். அந்த நினைவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, இன்றைய பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காமல், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். எனவே முதலில் உங்களைக் கையைப் பிடித்து அந்த வாசலுக்குள் அழைத்துப் போக விரும்புகிறேன்.

தெலுங்கில் பள்ளிக்கூடத்துக்கு 'படி' என்று பெயர். நமக்குப் 'படி' என்றால் கற்றுக்கொள் என்று பொருள், ஏறும் படி என்றும் பொருள். 'மன படி நாடு நேடு', அதாவது 'நம் பள்ளி, அன்றும் இன்றும்' என்ற பெயரில் ஒரு திட்டம் 2019 நவம்பர் 14 அன்று இந்த மாநிலத்தில் தொடங்கியது. முதல் கட்டத்தில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட பள்ளிகள். தண்ணீர் வரும் கழிப்பறை, குடிநீர், மின்விசிறி, விளக்கு, பெஞ்சு, பச்சைப் பலகை, சுற்றுச்சுவர், வண்ணப்பூச்சு என்று வேலைகள் நடந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த வேலைகளைப் பெரிய கான்டிராக்டர் கையில் கொடுக்கவில்லை. பள்ளியின் பெற்றோர் குழு மூலமாகச் செய்தார்கள். இரண்டாம் கட்டத்தில் தொடங்கிய வகுப்பறைகள் பல இடங்களில் பாதியில் நின்றுபோயின என்பதும் உண்மை. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றுக்குச் சிமெண்டு சுமந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

அடுத்தது சோறு. சமைத்த மதிய உணவு பள்ளியிலேயே கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இன்று இங்கே அந்தத் திட்டத்துக்குக் கோதாவரி மண்ணில் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட டொக்கா சீதம்மா என்ற அம்மையாரின் பெயர். முட்டை உண்டு, கடலை மிட்டாய் உண்டு, கேழ்வரகுக் கஞ்சி உண்டு. 2025 ஜூன் முதல் சன்ன அரிசிச் சோறு. அதிகாலை ஐந்து மணிக்குச் செங்கல் சூளைக்குப் போகும் தாய்க்கு, பிள்ளை மதியம் என்ன சாப்பிடும் என்ற கவலை இல்லை என்றால், அது எத்தனை பெரிய ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பை. சீருடைத் துணி, புத்தகம், நோட்டு, பெல்ட், காலணி எல்லாம் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். அந்தப் பைக்கு இப்போது சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் பெயர். அவர் 1888-ல் திருத்தணியில் பிறந்து, திருப்பதிக்கு வந்து பள்ளியில் படித்து, பின்னால் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர். அந்தக் காலத்தில் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. இன்று எல்லை உண்டு. ஆனால் படிப்பைத் தேடி அந்த வழியில் நடக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவர்கள் நம் பிள்ளைகள்.

நான்காவது, பணம். 2020 ஜனவரி 9 அன்று இதே சித்தூரில்தான் 'அம்ம ஒடி' திட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவின் மடி என்று பொருள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு வருடத்துக்கு ரூ.15,000 என்றார்கள். ஆட்சி மாறியது. 2025 ஜூனில் 'தல்லிகி வந்தனம்' வந்தது. தாய்க்கு வணக்கம் என்று பொருள். ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று இருந்தது போய், படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரூ.15,000, அதில் ரூ.2,000 பள்ளிப் பராமரிப்புக்குப் பிடித்துக்கொண்டு, ரூ.13,000 தாயின் வங்கிக் கணக்கில். யார் கொண்டுவந்தது என்ற கட்சிச் சண்டைக்கு நான் வரவில்லை. இது யார் வீட்டுப் பணமும் அல்ல, நம் உழைப்பின் வரிப்பணம்.

ஆனால் இங்கேதான் நம் ஜனங்கள் ஏமாந்து நிற்கிறார்கள். அந்தப் பணம் வர இந்த மாநிலத்தின் ரேஷன் கார்டு வேண்டும். பிள்ளைக்கு 75 சதவீத வருகை வேண்டும். வேலூர்க் கார்டை வைத்துக்கொண்டு பத்து வருடமாகத் திருப்பதியில் மூட்டை தூக்குகிறவரின் மனைவிக்கு ஒரு பைசா வராது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு என்னிடம் அழுத சகோதரிகள் உண்டு. பதில் இதுதான். இங்கேயே நிலைத்துவிட்டோம் என்று முடிவு செய்தவர்கள் கார்டை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வார்டு செயலகத்தில், இங்குள்ளவர்கள் சசிவாலயம் என்பார்களே, அங்கே குடும்பத்தின் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவர்கள், பணம் வராது என்பதைத் தெரிந்துகொண்டே பிள்ளையைச் சேருங்கள். சோறும் பையும் படிப்பும் கார்டு பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல.

இதுவரை நல்லதைச் சொன்னேன். இனி குறையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் சங்கத்துக்காரன் அல்ல, விளம்பரக்காரன்.

முதல் குறை, ஆசிரியர். 2022-ல் 117-ஆம் எண் அரசாணை என்று ஒன்று வந்தது. 3, 4, 5 வகுப்புகளைப் பிரித்துப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் சாலையைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. ஊர்ப் பள்ளியில் 1, 2 வகுப்பு மட்டும் மிஞ்சியது. அங்கே பல இடங்களில் ஒரே ஆசிரியர். 2025-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு வேறு அரசாணைகள் போட்டார்கள். இப்போது 'மாதிரி தொடக்கப் பள்ளி' என்ற வகையில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உண்டு. பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளியில் ஒருவரோ இருவரோ ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். 2025-ல் 16,347 பணியிடங்களுக்குத் தேர்வு வைத்து ஆசிரியர்களை எடுத்தார்கள். அது நல்ல செய்தி. ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியரைக் கொடுக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு இது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. நாம் பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் போவதில்லை. கொஞ்ச நாளில் ஓர் ஆசிரியரும் போகிறார். பிறகு, அங்கே வாத்தியார் இல்லை, அதனால்தான் அனுப்பவில்லை என்கிறோம். வண்டியில் கூட்டம் இல்லை என்று பெட்டியைக் கழற்றுவார்கள். பெட்டி குறைந்ததும் உட்கார இடம் இல்லை என்று மீதி ஜனமும் பஸ்ஸுக்குப் போகும். ரயில்வேக்காரனுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

இரண்டாவது குறை, மொழி. இதுதான் நம் குறை, நமக்கே உரிய குறை.

2019-ல் எல்லா அரசுப் பள்ளியும் ஆங்கில வழி என்று ஆணை போட்டார்கள். 2020 ஏப்ரல் 15 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் ஆங்கில வழிதான் நடைமுறையாகிவிட்டது. புத்தகத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அது சாய்ந்துகொள்ள ஒரு சுவர். ஆங்கிலப் பக்கம் புரியாவிட்டால் கண்ணைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பார்க்கலாம். நம் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அந்நியம். வீட்டில் தண்ணீர் என்று கேட்ட குழந்தை, வகுப்பில் வாட்டர் என்றும் நீள்ளு என்றும் கேட்கிறது. மூன்று மாதம் வாய் திறக்காது. ஆசிரியர் அதை மந்தம் என்று நினைக்கிறார். மந்தம் அல்ல ஐயா, அது மொழி மாறி இறங்கிய பயணி.

இந்த மண்ணில் நம் மொழிக்கு இடமே இல்லையா? உண்டு. சித்தூர் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. எல்லை போட்டவர்கள் கோட்டைத்தான் போட முடியும். ஜனங்களை அள்ளி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கொட்ட முடியாது. இங்கே தமிழரும் அங்கே தெலுங்கரும் தங்கினார்கள். அதனால்தான் 1956-ல் ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கும் முன்பே, 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அந்த மொழிக்காரர்களாக இருந்தால் தாய்மொழி ஆசிரியர் ஒருவரைப் போட வேண்டும். கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் என்றுதான் சொல்கிறது. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் அரசுத் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பது யாரும் போட்ட பிச்சை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அனுப்பி அங்குள்ளவர்கள் காத்த உரிமை.

அந்தப் பத்து என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், நம் ஜனங்கள் நிறைய இருக்கும் ஒரு பேட்டையில், அங்குள்ள தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு கேட்கலாம் என்று நான் புறப்பட்டேன். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். தலைமை ஆசிரியர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். "பத்துப் பிள்ளைகள் காட்டுங்கள், நானே மண்டலக் கல்வி அதிகாரிக்கு எழுதுகிறேன்" என்றார். ஏப்ரல் மாதம் முழுவதும், டூட்டி முடிந்து வீடு வீடாகப் போனேன். 14 பெற்றோர் பெயர் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜூனில் பள்ளி திறந்த அன்று, லீவு போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். வந்த பிள்ளைகள் 6.

நாலு பேர் குறைந்தோம். தலைமை ஆசிரியர் ஒரு வாரம் பொறுத்தார். யாரும் வரவில்லை. பிரிவு கிடைக்கவில்லை.

மீதி எட்டுப் பேர் எங்கே போனார்கள்? மூன்று குடும்பம் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்து பேர் டை கட்டும் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதில் ஒருவர் வீட்டுக்குப் போய், "கையெழுத்துப் போட்டுட்டு இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டேன். அந்த அம்மா, சலவைக்குப் போகிறவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு எங்க படிக்குது?" என்றார்.

தோழர்களே, என்னிடம் பதில் இல்லை. என் மகள் அப்போது ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஒரு பள்ளி, என் வீட்டுக்கு ஒரு பள்ளி. அந்த அம்மா படிக்காதவர். ஆனால் என் கணக்கைச் சரியாகப் படித்துவிட்டார். அந்தப் பிரிவு கிடைக்காமல் போனதற்கு அதிகாரியைக் குறை சொல்லி நான் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கலாம். ஆனால் அன்று குறைந்தது அதிகாரியின் மனசாட்சி அல்ல, நம் எண்ணிக்கை. அதில் என் பங்கும் உண்டு.

அடுத்த ஜூனில் என் சின்ன மகனை, எங்கள் தெருவின் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். வீட்டில் சண்டை நடந்தது. "உங்க கொள்கைக்கு என் பிள்ளையா கிடைச்சான்?" என்று என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் வருடம் அவனுக்குக் கஷ்டம்தான். இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். தமிழ் எழுத்தை இரவில் வீட்டில்தான் கற்றுக்கொண்டான். ஆனால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் தெலுங்கில் படித்தான், தமிழில் படித்தான், ஆங்கிலமும் தட்டுத்தடுமாறி வந்தது. இன்று என் ஜன்னலுக்கு வந்தால் அவனே படிவத்தை நிரப்புவான். இதை எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்கும் முறையில் நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் நானோ அவன் அம்மாவோ பள்ளிக்குப் போய் நின்றோம். அதனால் நடந்தது. போகாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. பம்பாய் தாராவியைப் பாருங்கள். நம்மைப் போலவே பிழைக்கப் போன ஜனங்கள். அங்கே மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. குடிசையில் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளை அவை கரையேற்றின. ஆங்கில மோகத்தால் அங்கேயும் தமிழ்ப் பிரிவுகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். கேட்டு வாங்கிய தலைமுறை ஒன்று, காலியாக்கும் தலைமுறை ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெலுங்கு நமக்கு எதிரி அல்ல. நமக்குச் சோறு போடும் ஊரின் மொழி அது. நம் பிள்ளை அதைச் சுத்தமாகப் பேசவும் எழுதவும் வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம், தெரிந்த மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்த மொழியை அதே படியில் கால் வைத்து ஏறிவிடும். முதல் படியே இல்லாத பிள்ளை மூன்று மொழிக்கும் நடுவில் தொங்கும். ஜன்னலில் நான் பார்த்த அந்தக் குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது.

சரி, என்ன செய்ய வேண்டும்? வேலைக்கு ஆகும்படி சொல்கிறேன். தாய்மார்கள் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி திறக்கும். அதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். பள்ளி திறந்ததும் ஒரு நாள் காலையில் போய், எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். சுவரில் உள்ள வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், பழைய கட்டடத்தைப் பார்த்து ஓடவும் வேண்டாம்.

இரண்டாவது, காகிதத்துக்குப் பயப்படாதீர்கள். பிறந்த தேதிச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பள்ளியின் டி.சி. வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 5-ஆம் பிரிவு. சேர்க்கைத் தேதி தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 15-ஆம் பிரிவு. தை மாதம் சூளை வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆதார் இல்லை என்று பிள்ளையைத் திருப்பக் கூடாது என்பதை 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. எவராவது மறுத்தால் சண்டை போடாதீர்கள். "மறுப்பதை எழுதிக் கொடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். முக்கால்வாசி இடத்தில் எழுதிக் கொடுப்பதற்குப் பதில் சேர்த்துக்கொள்வார்கள். எல்லா ஆபீசுக்கும் இது பொது, ரயில்வே உட்பட.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணத்தைக் கேள்வி கேட்க, பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை எழுத, ஆசிரியர் வருகிறாரா என்று பார்க்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. 2024 ஆகஸ்டில் இந்த மாநிலம் முழுவதும் அதற்குத் தேர்தல் நடந்தது. நம் ஜனங்கள் எத்தனை பேர் போனீர்கள்? தெலுங்கு வராது, நாம் வெளியூர்க்காரர்கள் என்று ஒதுங்கி நின்றோம். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் நாம் அந்தப் பள்ளிக்கு வெளியூர் அல்ல. அடுத்த முறை ஒவ்வொரு பள்ளியிலும் நம் தாய்மார்களில் ஒருவராவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இப்போது பெரிய பெற்றோர் கூட்டம் என்று வருடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் எல்லாப் பள்ளியிலும் கூட்டுகிறார்கள். அன்றைக்குக் கோலம் போடவும் பந்திக்கும் மட்டும் போகாமல், ஒரு கேள்வியோடு போங்கள். என் பிள்ளைக்குப் படிக்க வருகிறதா, காட்டுங்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

நான்காவது, வீடு. பள்ளி ஆறு மணி நேரம்; மீதி நம்மிடம். படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள் என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு" என்று கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. தமிழ்ப் பிரிவு இல்லாத பேட்டைகளில், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சங்கத்தில் ஆள் இருக்கிறோம். இடமும் பிள்ளையும் நீங்கள் கொடுங்கள்.

ஐந்தாவதும் கடைசியும். எங்கெல்லாம் ஒரே பள்ளிக்குப் போகும் தூரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பம் பத்து இருக்கிறதோ, அங்கெல்லாம் இந்த வருடம் தமிழ் ஆசிரியர் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். 1949-ன் கணக்கு அரசுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதானே தவிர, கோர்ட்டில் நீட்டினால் உடனே நடக்கும் சட்டம் அல்ல. மறுக்கலாம், இழுத்தடிக்கலாம். ஆனால் வாசலில் பத்துப் பிள்ளைகள் நின்றால் மறுப்பது கடினம். ஆறு பிள்ளைகள் நின்றால் மறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, இந்தக் கூட்டம் முடிந்ததும் கதவருகே ஒரு நோட்டு இருக்கும். அதில் பெயர் எழுத உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். போன முறை கையெழுத்தை எண்ணி ஏமாந்தவன் நான். வர முடியாதவர்கள், மனம் இல்லாதவர்கள் எழுத வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. எழுதுகிறவர்கள் ஜூனில் பள்ளி திறக்கும் அன்று காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வாருங்கள். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.